ஆற்றுக்கு அக்கரை, அடிஸ் அபாபா வழியாக

பிரஸ்ஸாவில்லும் கின்ஷாசாவும் இரண்டு நாட்டுத் தலைநகரங்கள். காங்கோ ஆற்றின் இரண்டு கரையிலும் உட்கார்ந்துகொண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருப்பதுதான் இரண்டுக்கும் வேலை. இக்கரையில் ஒருவர் தும்மினால் அக்கரையிலிருந்து ‘நூறாயுசு’ என்று குரல் வரும். அக்கரையில் மீன் வறுத்தால் இக்கரைப் பூனைகள் தட்டைத் தேடும். விரைவுப் படகில் ஏறி உட்கார்ந்து, சட்டைப் பையில் கைவிட்டுப் பல்குச்சியைத் தேடி எடுப்பதற்குள் வெளிநாடு வந்துவிடும்.

இவ்வளவு பக்கத்திலிருந்து ஒரு தாய்மாமனை அழைத்து வரத்தான் லுசோலோ ஆறாயிரம் கிலோமீட்டருக்கு டிக்கெட் போட வேண்டியதாயிற்று.

பிரஸ்ஸாவில்லில் ஒரு சின்ன டிக்கெட் ஏஜென்சியில் அவளுக்கு வேலை. உலகத்தின் எந்த மூலைக்கும் ஆளை அனுப்பிவிடுவாள். ஆனால் அவள் கல்யாணத்துக்கு எதிர்க்கரை கிம்பெம்பே மாமாவைக் கொண்டுவருவதுதான் அவள் கைக்கு எட்டாத பயணமாக இருந்தது. அவர் வராமலும் முடியாது. அவர்கள் வழக்கத்தில் பெண்ணைக் கொடுக்கிறவர் அப்பா இல்லை, தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் பனங்கள்ளைச் சூரியன் அடைவதற்குள் அவர் கையால் வாங்கி, அவர் வாயால் குடிக்க வேண்டும். குடித்தால் கல்யாணம். குடிக்காவிட்டால் வந்தவர்கள் வாழைத்தாரையும் ஆட்டையும் மறுபடி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தங்கள் ஊர் தொலிசிக்கே போய்விடுவார்கள். மாப்பிள்ளை தெஸ்தான் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் சமையல்காரன். திங்கட்கிழமை அவனை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனால், அடுத்த லீவுக்குள் லுசோலோவுக்கு நரைத்தே விடும்.

“மாமா, சனிக்கிழமை காலையில படகப் பிடிச்சு வந்துடுங்க” என்று அவள் போனில் சொன்னபோது எதிர்முனையில் ஒரு உறுமல் கேட்டது.

“படகா? யாரு, நானா?”

“ஊரே படகுலதானே மாமா வருது.”

“ஊரு வரும். எங்க தெரு மகாயா இருக்கான்ல, அவன் அக்கா மகளுக்குக் கள்ளு குடிக்க எங்கேர்ந்து வந்தான் தெரியுமா? பாரிஸ்லேர்ந்து! விமானத்துல வந்து டமால்னு எறங்கினான். நான் மட்டும் கருவாட்டு மூட்டைக்கும் ஆட்டுக்கும் நடுவுல குந்திக்கிட்டு வரணுமா? தாய்மாமன்டி நான்!”

“மகாயா பாரிஸ்ல குடியிருக்காரு மாமா. நீங்க எதிர்க்கரையில இருக்கீங்க.”

“அது என் தப்பா?”

லுசோலோ கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். விமான நிலையத்துக்கு விமான நிலையம் இருபத்தாறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஐந்து நிமிடம். விமானம் எழும்பியதும் எச்சில் விழுங்கினால், அது தொண்டையில் இறங்குவதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிடும். ஆனால் நேராகப் பறக்கும் அந்த ஒரே விமானமும் அந்த வாரம் இறக்கையில் ஏதோ கோளாறு என்று கொட்டகையில் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு வேறொரு வழி காட்டியது. கின்ஷாசாவிலிருந்து எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா, மூவாயிரம் கிலோமீட்டர். அங்கே இரவு தங்கல். மறுநாள் அடிஸ் அபாபாவிலிருந்து பிரஸ்ஸாவில், இன்னொரு மூவாயிரம். தெருவுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் கடைக்குப் போக நிலாவைச் சுற்றிக்கொண்டு போவது மாதிரி.

இதைச் சொன்னால் மாமாவுக்கு வெட்கம் வந்து படகுக்கு இறங்கி வருவார் என்று நம்பித்தான் அவள் சொன்னாள்.

“எத்தனை விமானம்?” என்றார் கிம்பெம்பே.

“ரெண்டு.”

“சாப்பாடு?”

“ரெண்டுலயும் போடுவாங்க.”

“மகாயா வந்தது ஒரே விமானம்” என்றார் மாமா. குரல் தேனாக வழிந்தது. “போடு டிக்கெட்ட.”

தெஸ்தான் இந்தச் சேதியைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவன், எழுந்திருக்க அரை நாள் ஆயிற்று. “ஒங்க மாமாவுக்கு ஆத்தத் தாண்ட ஒரு கண்டத்தையே சுத்தணுமா?” என்றான். பிறகு, “சரி போடு. எனக்குப் பொண்ணு வேணும்” என்றான்.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து லுசோலோவின் போனுக்குக் குரல் செய்திகள் வந்து குவிந்தன. ஏறியாச்சு. பெல்ட் போட்டாச்சு. கோழிச் சோறு கொடுத்தார்கள், நன்றாக இருந்தது, பக்கத்திலிருந்தவர் சாப்பிடாததால் அதையும் வாங்கிச் சாப்பிட்டாச்சு. மேகம் கீழே இருக்கிறது, இவர் மேலே இருக்கிறார், மகாயாவிடம் சொல்லிவிடு. அடிஸ் அபாபாவில் பல் கிட்டுகிற குளிர், ஒரு வெள்ளைப் போர்வை வாங்கியாச்சு. இங்கே காபி என்று ஒன்று கொடுக்கிறார்கள், அது காபி இல்லை, மின்சாரம். நாலு கப் குடித்தாச்சு.

அன்று சாயங்காலமே ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்னொரு செய்தியும் வந்திருந்தது. நாளைய விமானம் நேராக பிரஸ்ஸாவில்லுக்கு வராது. கின்ஷாசாவில் பாதிப் பேரை இறக்கிவிட்டு அப்புறம்தான் ஆற்றைத் தாண்டும்.

“அம்மா, மாமா போற சுத்துல கெளம்பின எடத்துக்கே வராரும்மா!” என்றாள் லுசோலோ.

அவள் அம்மா செலெஸ்தீன் மரவள்ளி இலையை உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவே இல்லை. “வாயத் தொறக்காத. எங்க அண்ணனுக்கு சீட்டுல உக்காந்தாலே தூக்கம் வந்துடும். கின்ஷாசா வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது.”

நாலு கப் மின்சாரத்தை அம்மா கணக்கில் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை காலை பிரஸ்ஸாவில்லுக்கு மேலே வானம் பிய்த்துக்கொண்டது. பக்கெட் பக்கெட்டாகக் கொட்டிய மழையில் விமான நிலையத்துக் கூரைத் தகரம் மேளம் வாசித்தது. கல்யாணப் பெண் அன்றைக்கு அறையை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாது. ஆனால் மாமா வராத கல்யாணத்தில் அறைக்குள் ஒளிந்திருந்து என்ன புண்ணியம் என்று லுசோலோ கொல்லைப்புறமாக நழுவி விமான நிலையத்துக்கு வந்து நின்றாள்.

மழை விட்டு, விமானம் இறங்கியது. ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள். ஒரு பாதிரியார், மூன்று சீனர்கள், கூண்டில் ஒரு கிளி. அப்புறம் பெட்டிகள் வந்தன. கயிறு கட்டிய பச்சைப் பெட்டி ஒன்று, மாமாவின் பெட்டி, கம்பீரமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. மாமா வரவில்லை.

லுசோலோ போன் போட்டாள். பின்னால் பாட்டும் கைதட்டலும் கேட்டன.

“மாமா, எங்க இருக்கீங்க?”

“வீட்டுல.”

“எந்த வீட்டுல?”

“என் வீட்டுலதான்டி. நான் என்ன பத்து வீடா வெச்சிருக்கேன்?”

லுசோலோ பச்சைப் பெட்டியை இழுத்துத் தரையில் போட்டாள். அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன் மாமா எறங்கினீங்க?”

“ஏன் எறங்கினேனா? கண்ணு முழிச்சுத்தான் உக்காந்திருந்தேன், ஒரு பொட்டுத் தூக்கம் வரல. விமானம் எறங்குச்சு. ஜன்னல்ல பாத்தா எங்க ஊரு! கதவத் தொறந்துட்டாங்க. எதிர்க்கரையில மழை, கொஞ்ச நேரம் ஆகும்னாங்க. சொந்த ஊரு வாசல்வரைக்கும் வந்துட்டு எறங்காம ஒளிஞ்சு போறதுக்கு நான் என்ன திருடனா? வீடு பக்கந்தானே, எட்டிப் பாத்துட்டு வரலாம்னு வந்தேன். ஒங்க அத்தை என்னப் பாத்ததும், ‘இன்னும் கெளம்பலியா நீங்க’ன்னா. எத்தியோப்பியா போய்ட்டு வந்துட்டேன்டின்னேன். தெருவே கூடிருச்சு! பாரிஸ்லேர்ந்து லீவுக்கு வந்திருக்கற மகாயாவே ஓடி வந்து பீர் வாங்கிக் குடுத்தான். அவன் மூஞ்சியப் பாக்கணுமே நீ!”

“விமானம் இங்க வந்துடுச்சு மாமா.”

“நான் இல்லாமயா?”

“நீங்க இல்லாம.”

பாட்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி மாமா யாரையோ அதட்டுவது கேட்டது.

“அப்ப அடுத்த விமானத்தப் பாரு” என்றார் மாமா, குரலை இறக்கி.

“அடுத்தது செவ்வாய்க்கெழமை. படகுதான் மாமா. ஒரு மோட்டார் பைக்கப் பிடிச்சுத் துறைக்கு வந்துடுங்க. நான் அந்தக் கரைக்கே வந்து ஒங்களக் கூட்டிட்டு வரேன்.”

மாமா ஒன்றும் பேசவில்லை. பிறந்ததிலிருந்து லுசோலோ கேட்ட முதல் மௌனம் அது. ஞானஸ்நானத்தில் பாதிரியாரையே பேசவிடாத மனுஷர்.

“வரேன்” என்றார் கடைசியில். “ஏறுவேன்னு சொல்லல.”

லுசோலோ பெட்டியை ஒரு டாக்சியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் பந்தலில் வந்து உட்கார்ந்தாயிற்று. தொலிசியிலிருந்து பஸ் நிறைய வந்திருந்தார்கள். அவர்கள் பேச்சாளர் பித்சிண்டு, பேச வாயெடுத்தால் காக்கைகூடக் கரையாமல் கேட்கும் என்று பேர் வாங்கிய கிழவர்.

“நீ போ” என்றாள் செலெஸ்தீன். “நான் பொய்ப் பொண்ணுங்கள எறக்கறேன்.”

பெண்ணைக் காட்டச் சொன்னால் யாரும் உடனே காட்டிவிடுவதில்லை. துணி போர்த்தி யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். இவள்தானா என்று கேட்பார்கள். மாப்பிள்ளை இல்லை என்றால், கூப்பிட்டு அவமானப்படுத்திவிட்டாய் என்று அந்தப் பெண் மூக்கைச் சிந்துவாள். ஒரு சேலையோ சோப்புப் பெட்டியோ கொடுத்துச் சமாதானம் பண்ணி அனுப்ப வேண்டும். மற்ற வீடுகளில் இரண்டு பொய்ப் பெண் வரும், பெருமைக்காரர்கள் வீட்டில் மூன்று. அன்றைக்கு செலெஸ்தீன் போட்ட திட்டத்தில் தெருவில் நடமாடும் பெண் அத்தனை பேரும் இருந்தார்கள்.

லுசோலோ ஈரத் தலையோடு படகுத்துறைக்கு ஓடினாள், பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கினாள், படகில் பறந்தாள். கின்ஷாசாத் துறையில் கால் வைத்தபோது போன் அடித்தது.

“அத்தை மகளயும் சின்னம்மாவயும் அனுப்பிட்டேன்” என்று அம்மா கிசுகிசுத்தாள். “சின்னம்மா எடைக்கு எடை உப்பு கேட்டு மூக்கச் சிந்திக்கிட்டிருக்கா. நல்லா நேரம் புடிக்கும். எங்க அண்ணன் வந்தானா?”

“இன்னும் இல்லம்மா.”

கின்ஷாசாவின் வண்டி நெரிசலில் ஒருவன் சிக்கினால், உள்ளே போகும்போது மொட்டைத் தலையோடு போனவன் வெளியே வரும்போது பின்னல் போட்டுக்கொண்டு வருவான். மாமா வரும்வரை லுசோலோ துறைக்கும் தெருமுனைக்கும் நடந்து செருப்பைத் தேய்த்தாள். கடைசியில் ஒரு மோட்டார் பைக் புகை கக்கிக்கொண்டு வந்தது. பின்சீட்டில் மாம்பழ மஞ்சள் சூட்டும், வெள்ளைப் போர்வையும், முதலைத்தோல் ஷூவுமாக கிம்பெம்பே. ஒரு ராஜாவை யாரோ கடத்திக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

வந்தவர் மிதவைப் பலகைவரை மிடுக்காக நடந்தார். ஒரு காலைத் தூக்கினார். படகு லேசாக ஆடியது. தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

“மாமா?”

“லுசோலோ” என்றார், உதடு அசையாமல். “எனக்குப் படகு மேல ஒரு கோவமும் இல்ல. இந்தத் தண்ணிதான். மேல சிரிக்கும். அடியில என்ன நெனைக்குதுன்னு யாருக்குத் தெரியும்?”

அப்போதுதான் லுசோலோவுக்கு எல்லாம் புரிந்தது. பாரிஸ் இல்லை, மகாயா இல்லை, பெருமை இல்லை. ஊரையே வாயால் அளக்கிற மனுஷர் ஆற்றுக்குப் பயப்படுகிறார்.

“ஆறாயிரம் கிலோமீட்டர் ஆகாசத்துல போனீங்களே மாமா. அது ஆழம் இல்லியா?”

“ஆகாசத்துல யாரும் முழுகினதில்லடி.”

சூரியன் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. போன் மறுபடி அடித்தது. “எதுத்த வீட்டு விதவைய அனுப்பிட்டேன். அவ மாப்பிள்ளையப் பாத்ததும் திரும்பி வர மாட்டேன்னுட்டா! இழுத்துட்டு வரதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. தெருவுல இனிமே பொம்பளையே இல்லடி!”

லுசோலோ போனை வைத்தாள். மாமாவின் கண்ணை வெள்ளைப் போர்வையின் ஓரத்தால் மூடினாள். அவர் தடுக்கவில்லை. படகில் ஏறி நின்று, ஆபீஸுக்கு வரும் பெரிய மனிதர்களிடம் பேசும் குரலை எடுத்தாள்.

“பயணிகளுக்கு வணக்கம். கின்ஷாசாவிலிருந்து பிரஸ்ஸாவில்லுக்குச் செல்லும் விமானத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம். தூரம் ரொம்பக் கொஞ்சம். பறக்கும் நேரம் அதைவிடக் கொஞ்சம். பெரியவர் கிம்பெம்பே அவர்களுக்கு முதல் வகுப்பில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.”

படகில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். படகோட்டி பொபோ அவளைப் பார்த்தான், கண் மூடிய மஞ்சள் சூட்டைப் பார்த்தான், புரிந்துகொண்டான். தைத்த நாளிலிருந்து பொத்தான் போடாத சட்டைக்குப் பொத்தான் போட்டான். “நான்தான் கேப்டன்” என்றான் கரகரத்த குரலில். “வானம் தெளிவா இருக்கு. சீக்கிரம் ஏறச் சொல்லுங்க, எனக்கு அடுத்த விமானம் இருக்கு.”

கருவாட்டு மூட்டையும் மடியில் பணியாரக் கூடையுமாக இருந்த ஒரு பருத்த அம்மாள், “ஏம்மா, என் மூட்டையத் தலைக்கு மேல வைக்கிற தட்டு எங்க இருக்கு?” என்றாள்.

கிம்பெம்பேயின் வாய் ஓரம் துடித்தது. தூக்கிய கால் மெதுவாகப் படகுக்குள் இறங்கியது. லுசோலோ அவரை உட்காரவைத்து மிதவைச் சட்டையை மாட்டி இறுக்கினாள். “பெல்ட்டு மாமா.” அவர் அவள் கையைப் பிடித்த பிடியில் அவளுடைய அஞ்சு விரலும் ஒரே விரலாயிற்று.

பொபோ மோட்டாரை முறுக்கினான். படகின் மூக்கு நிஜமாகவே வானத்தைப் பார்த்து எழும்பியது.

“ஏறுதாடி?”

“ஏறுது மாமா.”

மடேர் என்று எதிலோ இடித்தது. ஆகாயத்தாமரைக் கூட்டம்.

“என்னது?”

“மேகம் மாமா.”

“மேகம் இடிக்குமா?”

“நம்ம ஊரு மேகங்க அது” என்றாள் பணியாரக்கார அம்மாள். “கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும்.”

ஒரு அலை எழும்பி மாமாவை முழங்கால்வரை நனைத்தது. அவர் அலறினார். மேகத்துக்குள்ளே போனால் நனையாமல் எப்படி என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். பணியாரக்கார அம்மாள் அவர் வாயில் ஒரு சூடான பணியாரத்தைத் திணித்து, “கோழி தீந்துபோச்சு ஐயா, மன்னிக்கணும்” என்றாள். படகே கொண்டாட்டமாயிற்று. ஒரு ஆள் எழுந்து கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டான். நடு ஆற்றைத் தாண்டும்போது, எல்லை கடந்தாயிற்று என்று பொபோ அறிவித்தான்.

அறிவித்த வாயை மூடுவதற்குள் மோட்டார் இருமியது. இன்னொரு இருமல். நின்றுவிட்டது. ஆகாயத்தாமரை வேர் மோட்டார் விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது.

சிரிப்பு நின்றது. படகு ஆற்றோட்டத்தோடு தானாகக் கீழ்ப்பக்கம் நகரத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில்தான் நீர் பாறையில் மோதி உடைகிற இடம்; அதன் இரைச்சல் அந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பொபோ கத்தியை வாயில் கவ்விக்கொண்டு பின்பக்கம் தலைகீழாகத் தொங்கினான்.

“ஏன்டி சத்தத்தையே காணோம்?” என்றார் மாமா.

லுசோலோ பொபோவின் தொங்கும் முதுகைப் பார்த்தாள். “பிரஸ்ஸாவில்லுக்கு மேல நெரிசல் மாமா. எறங்க எடம் குடுக்கல. அந்தரத்துல நிக்கிறோம்.”

“நிக்குமா?”

“நிக்கும்.”

 கண்ணை மறைத்த துணியை அவர் விலக்கவில்லை. கை மட்டும் அவள் கையை விடவில்லை.

“லுசோலோ. அந்தப் பையன் எப்படிடி?”

“இப்பவா மாமா கேக்கறது?”

“அங்க பந்தல்ல அத்தனை பேரு முன்னால கேட்டா, நீ வேற என்ன சொல்லிடப் போற? இங்க கேக்கறேன். வேணாம்னா சொல்லு. அந்தக் கள்ள நான் தொட மாட்டேன். எனக்கு வயிறு சரியில்லன்னுடறேன். பழிய நான் ஏத்துக்கறேன்.”

பணியாரக்கார அம்மாளும், கழிப்பறை கேட்டவனும் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள். காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

“கறியில மொளகாய அள்ளிக் கொட்டுவான் மாமா” என்றாள் லுசோலோ. “சாப்பிடறவன் அழுதா இவன் சிரிப்பான், அப்புறம் இவனே தண்ணி கொண்டாந்து குடுப்பான். கடல் நடுவுலேர்ந்து போன் பண்ணுவான். அலை சத்தத்துல பாதி கேக்காது. கேக்காத பாதியில என்ன சொன்னான்னு மறுநாள் பூரா யோசிச்சிட்டிருப்பேன். டிக்கெட்டெல்லாம் தப்புத் தப்பாப் போட்டுட்டு மொதலாளிகிட்ட திட்டு வாங்குவேன்.”

“ஓ” என்றார் மாமா. “அவ்வளவு தூரம் போயிருச்சா.”

பின்பக்கம் பொபோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், ஒரு கத்தை வேரை வீசி எறிந்தான், கயிற்றை இழுத்தான். மோட்டார் கர்ஜித்தது. மாமாவைத் தவிர எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சு விட்டார்கள். அந்தக் காற்றிலேயே படகு பாதித் தூரம் போயிருக்கும்.

இக்கரையில் படகு முட்டியதும் எல்லோரும், விமானம் இறங்கினால் தட்டுவதுபோல, கை தட்டினார்கள். கேப்டன் பொபோ வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான்.

வீட்டுப் பந்தலில் நிலைமை முற்றிப்போயிருந்தது. கடைசியாகத் துணி போர்த்தி வந்து நின்ற பொய்ப் பெண் அளவுக்கு மீறி உயரமாக இருந்தாள். தெஸ்தானின் தங்கை துணியை விலக்கிப் பார்க்க, உள்ளே ஒரு மீசை இருந்தது. லுசோலோவின் சித்தப்பா. அவரும் மூக்கைச் சிந்தி, ஒரு பீர் பாட்டில் தராவிட்டால் நகர மாட்டேன் என்றார். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சோப்பு, சேலை, உப்பு எல்லாம் காலி. பித்சிண்டு கிழவர் தடியை ஊன்றி எழுந்து, “நாங்க பொண்ணு கேட்டு வந்தமா, கடை விரிக்க வந்தமா?” என்று தொடங்கியபோதுதான் வாசலில் மஞ்சள் சூட்டு தெரிந்தது.

செலெஸ்தீன் ஓடிவந்தாள். “அண்ணே!” என்றவள், கட்டிப்பிடிக்கிற சாக்கில் அவர் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

பித்சிண்டு மூன்று முறை கை தட்டி வரவேற்றார். வந்த வழியைக் கேட்காமல் யாரும் யாருக்கும் எதையும் நீட்டுவதில்லை.

“பெரியவரே, எந்த வழியா வந்தீங்க?”

கிம்பெம்பே மார்பை நிமிர்த்தினார். “ஆகாய வழியா.”

கிழவர் அவர் கால்சட்டையைப் பார்த்தார். முழங்கால்வரை நனைந்து, ஒரு ஆகாயத்தாமரை இலை ஷூவில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. “ஆகாயத்துல எங்கயாவது ஆறு இருக்குதா?”

“ஒண்ணே ஒண்ணு” என்றார் கிம்பெம்பே. “பெரிய ஆறு. நடுவுல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தோம். ஒரு முக்கியமான பேச்சு இருந்துச்சு.”

பந்தல் குலுங்கியது. கிழவரின் தாடியும் ஆடியது, ஆனால் அவர் சிரித்ததாக யாரும் நிரூபிக்க முடியாது.

லுசோலோவைக் கொல்லைப்புறமாக இழுத்துப்போய்த் துணி போர்த்திக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, கருவாட்டு வாடை வீசியது. தெஸ்தான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இவதான்! இவளேதான்!” என்று எழுந்தவன் நாற்காலியைத் தட்டிவிட்டான்.

சுரைக்குடுவையில் கள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதை லுசோலோவின் கையில் கொடுத்தார்கள். அவள் முழங்காலிட்டு மாமாவின் கையில் கொடுத்தாள். சூரியன் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் உட்கார்ந்து, இறங்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

“இத நான் குடிச்சா திரும்பக் கக்க முடியாது” என்றார் கிம்பெம்பே. படகில் கேட்ட அதே சின்னக் குரல். “குடிக்கட்டுமா?”

“குடிங்க மாமா.”

“ரெண்டாந்தடவ கேக்கறேன். குடிக்கட்டுமா?”

“குடிங்க.”

மூன்றாவது முறை கேட்கும் முன் அவர் தெஸ்தானை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, கறியில மொளகாய கொஞ்சம் கொறைச்சுக்க. போன் பேசறதயும் கொறைச்சுக்க, இவ வேலைய வேற விட்டுடப் போறா.” தெஸ்தான் ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டினான். எதற்கு வேண்டுமானாலும் அன்று அவன் ஆட்டியிருப்பான்.

“லுசோலோ. குடிக்கட்டுமாடி?”

“குடிங்க மாமா, இருட்டிடப் போகுது!”

கிம்பெம்பே குடித்தார். ஒரு இழுப்பில், மூச்சு வாங்காமல், அடிநாக்குவரை அண்ணாந்து. பெண்கள் குலவை விட்டார்கள்; எதிர்த்த வீட்டு விதவையின் குரல் மட்டும் தனியாக மேலே கேட்டது. அவர் குடுவையைக் கவிழ்த்து, பித்சிண்டு கிழவரின் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

கிழவர் குனிந்து, குடுவைக்குள் ஒரு கண்ணை விட்டுப் பார்த்து, “முடிஞ்சுது. ஆட்டப் பொண்ணு வீட்டுக்கு அவுத்து விடுங்கடா” என்றார்.